காதுக்கு ஒரு மாத்திரை

5 நொடி, 25 நொடி, 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி, 5 மணி, 1 நாள், 5 நாள், 25 நாள், 4 மாதம், 2 ஆண்டு. பார்த்தால் வைத்தியர் எழுதித்தந்த சீட்டு போல இருக்கும். பால் பிம்ஸ்லர் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1967இல் ஓர் ஆய்விதழில் வெளியிட்ட நினைவு அட்டவணை இது. புதிதாகக் கேட்ட ஒரு சொல்லை எந்தெந்த நேரத்தில் திரும்பக் கேட்டால் அது மனதில் தங்கும் என்பதற்கு அவர் போட்ட கணக்கு. ஒவ்வோர் இடைவெளியும் முந்தியதைப் போல் ஏறக்குறைய 5 மடங்கு. சொல் மறதிக்குள் நழுவப்போகிற தறுவாயில் போய் அதை எழுப்ப வேண்டும். முந்திப் போனால் எழுப்ப வேலையில்லை. பிந்திப் போனால் சொல்லே இல்லை.

மறதிக்கு ஒரு வேகம் உண்டு என்பதை ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இலேயே அளந்து காட்டிவிட்டார். பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, தாமே மறந்து, எவ்வளவு மிஞ்சியது என்று கணக்கெடுத்தார். பிம்ஸ்லர் அந்தக் கணக்கை அரைமணி நேர ஒலிப்பாடத்துக்குள் வைத்தார். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து உருப்போடுதலுக்கு இது நேரெதிர். அங்கே ஒரே மூச்சில் நூறு தரம். இங்கே ஒரு தரம் சொல்லி விட்டுவிடுவார்கள். மறக்கப் பார்க்கும்போது இன்னொரு தரம். ஒலிநாடாவில் ஒரு குரல் எதையாவது சொல்லச் சொல்லும். பிறகு சில நொடி மௌனம். அந்த மௌனத்துக்குள் நீங்கள் வாய் திறந்தாக வேண்டும். திறந்தீர்களோ இல்லையோ, சரியான பதில் வந்துவிடும். பாடம் அடுத்ததற்குப் போய்விடும். பிம்ஸ்லர் 1976இல், 50 வயதுகூட நிரம்பாமல் காலமானார். அவர் பெயரைத் தாங்கிய பாடங்கள் இன்றும் அதே மௌனத்தை வைத்துத்தான் ஜப்பானிய மொழியைக் கற்பிக்கின்றன.

புத்தகத்தில் மொழி ஓர் இடத்தில் இருக்கிறது. கண் போன வரிக்குத் திரும்பலாம். சொல்லைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போகலாம். ஒலியில் மொழி எங்கும் இருப்பதில்லை. வந்துகொண்டிருக்கிறது, போய்க்கொண்டிருக்கிறது. ஒலிப்பாடத்தைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் அதன் வசதியைத்தான் சொல்கிறார்கள்: ரயிலில் கேட்கலாம், காய் நறுக்கிக்கொண்டே கேட்கலாம். எனக்கு அதன் சாரம் வேறாகப் படுகிறது. மொழியைக் காலமாக்கிக் கையில் கொடுக்கிறது அது. ஒரு சொல் எவ்வளவு நேரம் நீள்கிறது, பதில் சொல்ல எவ்வளவு நேரம் உண்டு, எதிராளி பேசும்போது எந்த நேரத்தில் நாம் வாய் திறக்க வேண்டும் என்று பேச்சுக்கு மூன்று காலக் கணக்குகள் உண்டு. ஒலிப்பாடம் முதல் கணக்கை நன்றாகவே கற்றுத்தரும். இரண்டாவதில் பாதிவரை வரும். மூன்றாவதில் கைவிரித்துவிடும். இதை உரசிப் பார்க்க ஜப்பானியத்தைவிட நல்ல உரைகல் கிடைப்பது அரிது.

*

ஜப்பானியத்தைக் காது வழியே கற்பிக்கும் முறை அமெரிக்காவில் வேரூன்றியது போரால். 2ஆம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படை தன் ஜப்பானிய மொழிப் பள்ளியை 1942இல் கொலராடோவின் போல்டர் நகரத்துக்கு மாற்றியது. கைப்பற்றிய ஆவணங்களைப் படிக்க ஆள் வேண்டும் என்பதால் அங்கே எழுத்துக்கே முதலிடம். பாடநூல்கள் நகனுமா நஒஎ என்ற ஜப்பானிய ஆசிரியர் எழுதியவை. பின்னாளில் ஜப்பானிய இலக்கியத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த டொனால்ட் கீனும் எட்வர்ட் சைடன்ஸ்டிக்கரும் அந்தப் பள்ளியில் தேறியவர்கள். தரைப்படைக்கு வேண்டியிருந்ததோ பேச ஆள். யேல் பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் பிளாக் என்ற மொழியியலாளர் எழுத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, தாய்மொழியாளர் சொல்ல மாணவர் திருப்பிச் சொல்லும் வழியைப் பிடித்தார். அங்கே பயின்ற எலினோர் ஜோர்டனுடன் சேர்ந்து அவர் எழுதிய பேச்சு ஜப்பானிய நூல் 1945இல் வந்தது.

ஜோர்டன் அந்த வழியைக் கடைசிவரை விடவில்லை. 1960களில் ஒரு பாடநூல், 1987இல் மரி நோதாவுடன் இன்னொன்று. இரண்டிலும் ஜப்பானியம் ரோமன் எழுத்தில், ஒலி எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்ற குறிகளோடு இருக்கும். ஆனால் புத்தகம் துணைக்குத்தான்; பாடம் ஒலிநாடாவில் இருந்தது. உரையாடலை மனனம் செய்துகொண்டு வந்து வகுப்பில் நடித்துக் காட்ட வேண்டும். அந்த வகுப்பில் ஆங்கிலத்துக்கு அனுமதியில்லை. இலக்கணம் விளக்கும் வகுப்பு தனி. எழுத்தைத் தள்ளிப்போடுகிறார் என்று அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. 'கஞ்சி' எனப்படும் சீன வழி எழுத்துகளில் அரசு வகுத்த அன்றாட எழுத்துகள் மட்டும் 2,136 இருக்கும் மொழியில், முதலில் எழுத்தைத் தொட்டவர் பேச்சுக்கு எப்போது வந்து சேர்வார் என்பது அவர் பக்கத்துக் கேள்வி.

எண்களையும் மறந்துவிடக் கூடாது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம் ஆங்கிலம் பேசுவோருக்கு மிகக் கடினமான மொழிகளின் வரிசையில் ஜப்பானியத்தை வைத்து, அதற்கு 2,200 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. அரைமணிப் பாடங்கள் 30 கொண்ட ஓர் ஒலிப்பாட நிலை 15 மணி நேரம்தான். உறையில் என்ன வாக்குறுதி அச்சிட்டிருந்தாலும், 15 மணியில் கிடைப்பது 15 மணிக்குரியதே.

காதால் மொழி கற்பதில் ஜப்பானியர்களும் பழுத்த அனுபவசாலிகள். ஹெரால்ட் பாமர் என்ற ஆங்கிலேயர் 1922இல் டோக்கியோவுக்கு வந்து கல்வி அமைச்சகத்தின் ஆலோசகரானார். முதலில் காது, பிறகு வாய், அதன் பிறகே எழுத்து என்பது அவர் கட்சி. 1925இல் ஜப்பானில் வானொலி தொடங்கிய அதே ஆண்டில் அதில் ஆங்கிலப் பாடமும் தொடங்கிவிட்டது. நடத்தியவர் ஒககுரா யொஷிஸபுரோ; தாகூரின் நண்பராக நமக்கு அறிமுகமான ஒககுரா ககுஸோவின் தம்பி. 1945 ஆகஸ்டில் சரணடைந்த சில வாரங்களில் 32 பக்கத்தில் ஓர் ஆங்கில உரையாடல் கையேடு வெளிவந்து 36 லட்சம் பிரதிகள் விற்றது. தோற்ற நாடு, வந்திறங்கிய படையிடம் வாய் திறக்கப் பரபரத்தது.

1946 பிப்ரவரியில் ஹிரகவா ததாஇசி வானொலியில் ஆங்கிலப் பாடம் எடுக்கத் தொடங்கினார். பேரரசரின் சரணடைவு அறிவிப்பை ஆங்கிலத்தில் உலகுக்கு வாசித்த குரல் அவருடையது. அந்தக் குரலே ஆறு மாதத்தில் மாலை நேரத்துப் பிள்ளைகளின் குரலாகிவிட்டது. ஒரு கோயில் முற்றத்தில் ரகூன் நாய்கள் கூத்தடிக்கும் பழைய சிறுவர் பாட்டின் மெட்டில் 'கம் கம் எவ்ரிபடி' என்று ஆங்கிலச் சொற்களைப் பொருத்தித் தன் நிகழ்ச்சிக்கு முகப்புப் பாட்டாக்கினார். குழந்தை தாயைப் பார்த்து வாயசைத்துக் கற்பதுபோல் கற்றால் போதும் என்பது அவர் சொன்ன வழி. இலக்கணம் கேட்டுப் பயந்திருந்தவர்களுக்கு அது விடுதலையாக இருந்தது. பிம்ஸ்லர் அட்டவணை போடுவதற்கு 20 ஆண்டு முன்னாலேயே ஒரு நாடு வானொலிப் பெட்டிக்கு முன் உட்கார்ந்து, குரல் நின்ற இடத்தில் தன் குரலை வைத்துப் பழகியிருந்தது.

*

முதல் கணக்கைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். 'புரியவில்லை' என்பதற்கான ஜப்பானியச் சொல் ஒலிப்பாடத்தில் வரும் விதம் இது. முழுச் சொல்லும் ஒரு தரம் வேகமாகக் கேட்கும். காதில் ஒன்றும் நிற்காது. பிறகு அதன் வால் மட்டும் வரும்: 'சென்'. இடைவெளி. 'மசென்'. இடைவெளி. 'ரிமசென்'. இடைவெளி. 'கரிமசென்'. கடைசியில் தலையும் சேர்ந்து 'வகரிமசென்'. பின்னாலிருந்து முன்னால் வருவதால் சொல்லின் முடிவு அதிகத் தடவை வாயில் புரள்கிறது. எல்லா மொழிக்கும் இந்த உத்தியைத்தான் கையாள்கிறார்கள் என்றாலும் ஜப்பானியத்துக்கு இது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. அதன் வினைச்சொல்லில் மரியாதை, மறுப்பு, காலம் எல்லாம் வாலில்தான் இருக்கின்றன. தமிழிலும் அப்படியே. 'புரிய' என்றால் இன்னும் ஒன்றும் தீர்மானமாகவில்லை. தீர்ப்பு 'வில்லை'யில் இருக்கிறது.

ஆனால் மேலே எழுதியிருப்பதை ஒரு தமிழர் தமிழ் படிக்கும் விதமாகப் படித்தால் டோக்கியோவில் யாருக்கும் விளங்காது. 'வகரி'யில் இரண்டு உயிருக்கு நடுவே வரும் ககரம் நம் வாயில் தானே மெலிந்துவிடும். ஜப்பானியத்தில் அது வல்லினமாகவே நிற்க வேண்டும். சரி, ஒற்று போடலாம் என்று 'வக்கரி' என்று எழுதினால் இரட்டித்துவிடும். அது வேறு தவறு. ஒற்றையாகவும் வன்மையாகவும் சொல்லின் நடுவில் ஒரு ககரத்தை எழுதத் தமிழ் எழுத்தில் வழியே இல்லை. சீமைப் பனிச்சைப் பழத்துக்கும் சாவிக்கும் ஜப்பானியத்தில் ஒரு ககரம்தான் வேறுபாடு. தமிழில் எழுதினால் இரண்டும் 'ககி'. வானிலையையும் மின்சாரத்தையும் எழுதினால் இரண்டும் 'தெங்கி'. எழுத்துக்குத்தான் இந்தக் குழப்பம், காதுக்கு இல்லை. பந்து விளையாடுகிறவரும் பந்த் என்று கடையடைக்கிறவரும் ஒரே பகரத்தை எழுதினாலும் வாய் இரண்டையும் பிரித்தே சொல்கிறது. ஆகவே தமிழருக்கு ஜப்பானிய ஒலிப்பாடம் புத்தகத்தோடு சேர்த்துக்கொள்கிற உபரி அல்ல. தமிழ் எழுத்தில் ஜப்பானியத்தைக் குறித்துவைத்துப் படிப்பவர் முதல் நாளே தடம் மாறிவிடுவார்.

நீளம் இன்னொன்று. ஜப்பானியப் பேச்சு சம அளவுள்ள சிறு துடிப்புகளாக ஓடுகிறது. ஹைக்கூவின் 5, 7, 5 என்பது இந்தத் துடிப்புகளின் எண்ணிக்கையே. நெடிலுக்கு இரண்டு துடிப்பு. இதுவரை நமக்குச் சிக்கலில்லை. குறிலையும் நெடிலையும் கண் இமைக்கும் நேரத்தாலும் கை நொடிக்கும் நேரத்தாலும் அளந்துவைத்தவர் தொல்காப்பியர். அத்தையையும் பாட்டியையும் ஒரு நெடிலால் பிரிக்கும் ஜப்பானியச் சொற்களில் ஆங்கிலேயர் தடுக்கி விழுவார். தமிழ்க் காது தடுக்காது. நமக்கு வழுக்கும் இடம் மெய்யெழுத்து. தமிழில் மெய்க்கு அரை மாத்திரை. ஜப்பானியத்தில் இரட்டித்த மெய்யின் முதல் பாதிக்கும், சொல்லின் நடுவிலோ முடிவிலோ வரும் னகர ஒலிக்கும் ஒரு முழுத் துடிப்பு உண்டு. ஜப்பானியர் தம் நாட்டைச் சொல்லும் 'நிப்பொன்' என்ற பெயரைத் தமிழ் முறையில் அளந்தால் 3 மாத்திரை. அவர்கள் வாயில் 4. நாம் சொல்லும்போது நாட்டின் பெயரே கால் பங்கு குறைந்துவிடுகிறது. புத்தகம் இதை விதியாகச் சொல்லும், நாமும் தலையாட்டுவோம். ஒலிப்பாடத்தில் நம் பதில் முடிந்த பிறகும் பாடத்தின் குரல் 'ன்' என்று இன்னும் நின்றுகொண்டிருக்கும். அந்த மிச்ச நேரம்தான் பாடம்.

வேறிடத்தில் நமக்குச் சலுகை உண்டு. வாக்கிய முடிவில் வரும் 'தெசு', 'மசு' இரண்டின் உகரமும் டோக்கியோ வாயில் ஏறக்குறைய மறைந்து 'தெஸ்', 'மஸ்' என்றாகிவிடும். உதடும் குவியாது. 'காசு', 'பட்டு' என்று தேய்ந்த உகரத்தைப் பிறந்தது முதல் சொல்லிவரும் நமக்குக் குற்றியலுகரத்தைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. சுருதி மட்டும் முற்றிலும் அந்நியம். 'ஹஷி' என்று மேலிருந்து கீழே இறங்கினால் உணவுக் குச்சி. கீழிருந்து மேலே ஏறினால் பாலம். கியோட்டோவுக்குப் போனால் இரண்டும் தலைகீழ். எந்த ஊர்க்காரர் குரலைக் கேட்டுக் கற்றோமோ அந்த ஊர் நம் வாயில் குடியேறிவிடும்.

*

இரண்டாவதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, எதிராளி பேசும்போது வாய் திறக்கும் நேரம் என்ற மூன்றாவது கணக்குக்கு வருவோம். ஜப்பானியர் இருவர் பேசிக்கொள்வதைக் கவனித்தால் ஒருவர் பேசுகிறார், மற்றவர் கேட்கிறார் என்று கோடு போட முடியாது. சொல்கிறவர் வாக்கியத்தின் நடுவில் இருக்கும்போதே எதிரிலிருந்து 'ஹை', 'ஏ', 'உன்', 'ஸோ தெஸ் நெ' என்று வந்துகொண்டே இருக்கும். அய்ஸுசி என்று இதற்குப் பெயர். நம் வீடுகளில் கதைக்கு மட்டும் உம் கொட்டுவோம். அங்கே எல்லாப் பேச்சுக்கும் கொட்ட வேண்டும். இந்த 'ஹை'க்குச் சம்மதம் என்று பொருளில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்பதே. வியாபாரப் பேச்சில் இதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் அநேகம். தொலைபேசியில் உம் கொட்டாமல் மரியாதையாக மௌனம் காத்தால் அந்தப் பக்கத்தில் இருப்பவர் இணைப்பு அறுந்துவிட்டதா என்று விசாரிப்பார்.

எங்கே கொட்டுவது, எவ்வளவு நெருக்கமாகக் கொட்டுவது என்பது வாய்ப்பாட்டுக்குள் வராது. ஒலிப்பாடத்தால் இதைக் கற்பிக்க முடியாததற்கு அதன் அமைப்பே காரணம். அதன் மௌனம் ஒரு குரல் முடிந்த பின் தொடங்கி இன்னொரு குரலுக்கு முன் முடிகிறது. உண்மைப் பேச்சின் இடைவெளிகள் எதிராளியின் வாக்கியத்துக்கு உள்ளேயே இருக்கின்றன. தவிர, ஒலிநாடா காத்திருக்கும், ஆனால் கேட்காது. நீங்கள் சரியாகச் சொன்னாலும், உளறினாலும், வாயே திறக்காவிட்டாலும் அது அதே அமைதியோடு அதே பதிலைச் சொல்லும்.

கடைத்தெருவில் இறங்கினால் இது உறைக்கும். கொன்பினி என்கிற 24 மணி நேரக் கடையில் ஒரு சோற்றுருண்டையை வாங்கிக்கொண்டு கல்லாவுக்குப் போகிறீர்கள். விலை கேட்கவும் பணம் கொடுக்கவும் நன்றி சொல்லவும் பாடம் கற்றுத் தந்திருக்கிறது. கல்லாவில் நிற்கும் பையன் பை வேண்டுமா என்று கேட்பான். 2020 ஜூலையிலிருந்து பிளாஸ்டிக் பைக்குக் காசு வாங்க வேண்டும் என்று சட்டமாகிவிட்டதால் கேட்டே ஆக வேண்டும். அதற்கு முன் பதிவான பாடங்களில் அந்தக் கேள்விக்கு இடமிருந்திருக்காது. இருந்திருந்தாலும், அவன் கேட்பது வாடிக்கையாளரை உயர்த்தும் மரியாதை மொழியில், ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை சொல்லித் தேய்ந்த வேகத்தில். அடுத்து, சூடாக்கித் தரட்டுமா என்பான். அதற்கடுத்து, கடையின் புள்ளி அட்டை இருக்கிறதா என்பான். மூன்று கேள்வியும் முடிய, பாடம் பழக்கிய அந்தச் சில நொடி மௌனம் போதாது. ஒலிப்பாடத்தில் எல்லாரும் அளவான மரியாதையோடு முழு வாக்கியத்தில் பேசுகிறார்கள். கடைக்காரன், குடிகாரன், குழந்தை மூவரும் அப்படிப் பேசுவதில்லை.

குரல் யாருடையது என்பதும் சாதாரண விஷயமில்லை. ஜப்பானியத்தில் ஆண் தன்னைச் சொல்லும் விதமும் வாக்கியத்தை முடிக்கும் விதமும் பெண்ணினுடையதிலிருந்து வேறுபடும். போருக்குப் பின் அங்கே தங்கிய அமெரிக்கப் படைவீரர்கள் தங்கள் காதலிகளிடம் மொழி பயின்று பெண் வழக்கில் பேசிச் சிரிப்புக்கு ஆளானது அறிந்த கதை. காது தேர்ந்தெடுப்பதில்லை, கிடைத்த குரலை அப்படியே எடுத்துக்கொள்கிறது.

பேச்சே சில சமயம் எழுத்தின் தோளில் சாய்ந்துகொள்ளும் மொழியும் இது. அறிவியலுக்கும் வேதியியலுக்கும் ஜப்பானியத்தில் ஒரே உச்சரிப்பு: 'கககு'. தமிழில் எழுதிக் காட்ட முடியாத இன்னொரு சொல். குழப்பம் வந்தால் வேதியியலை மட்டும் 'பகெககு' என்று அதன் முதல் எழுத்தை வேறு விதமாக வாசித்துச் சொல்வார்கள். அதுவும் போதாவிட்டால் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டுவார்கள். எழுத்தே தெரியாமல் காதால் மட்டும் கற்றவர் அந்த உள்ளங்கையைப் பார்த்து விழிப்பதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

எதிர்வாதமாக ஒரு மனிதர் இருக்கிறார். லாஃப்காடியோ ஹெர்ன், அயர்லாந்துத் தகப்பனுக்கும் கிரேக்கத் தாய்க்கும் பிறந்தவர், 1890இல் ஜப்பானுக்கு வந்து மத்ஸுஎ நகரில் ஆசிரியராகி, கொஇஸுமி ஸெத்ஸுவை மணந்து, கொஇஸுமி யகுமோ என்ற பெயரில் ஜப்பானியக் குடிமகனானவர். ஜப்பானிய எழுத்தில் அவருக்கு ஆழமான வாசிப்பு இல்லை. ஸெத்ஸுவுக்கு ஆங்கிலம் இல்லை. இருவரும் வேற்றுமை உருபும் வினைவிகுதியும் உதிர்ந்த ஒரு ஜப்பானியத்தைத் தமக்குள் உண்டாக்கிக்கொண்டார்கள். இரவில் விளக்கின் திரியைத் தாழ்த்திவிட்டு ஸெத்ஸு பேய்க் கதைகளைச் சொல்வார். புத்தகத்தைப் பார்த்துப் படிக்காதே, உன் சொற்களில், உன் எண்ணமாகச் சொல் என்று ஹெர்ன் வற்புறுத்துவாராம். ஓர் இடம் பிடித்துவிட்டால் அதையே திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி, எந்தக் குரலில், எந்த மூச்சில் என்று விசாரிப்பாராம். ஸெத்ஸுவே தன் நினைவுக் குறிப்பில் இதைச் சொல்லியிருக்கிறார். 1904இல் வந்த 'க்வைதான்' அப்படிக் கேட்டுக் கேட்டு எழுதப்பட்டது. அதன் முதல் கதை, பேய்ச் சபைக்கு வீணை மீட்டிக் கதை பாடிக் காதுகளை இழந்த ஹோஇசி என்ற பார்வையற்ற பாடகனுடையது.

ஹெர்னின் ஜப்பானியம் எந்தத் தேர்விலும் தேறியிருக்காது. ஆனாலும் ஜப்பானியர்கள் இன்றும் படிக்கும் புத்தகம் அதிலிருந்து வந்தது. ஸெத்ஸுவிடம் ஒலிநாடாவுக்கு இல்லாத ஒன்று இருந்தது: அவர் ஹெர்னின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எங்கே நிறுத்துவது என்பதைக் கேட்பவரின் மூச்சு அவருக்குச் சொன்னது.

*

பதில் சொல்ல எவ்வளவு நேரம் உண்டு என்ற இரண்டாவது கணக்கைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், அது தமிழரோடு சம்பந்தப்பட்டது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்காகவும் ஜப்பானில் வேலைக்காகவும் தமிழ்நாட்டில் இந்த மொழியைப் படிப்பவர்கள் பலர். அவர்கள் எழுதும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984இல் தொடங்கியது. இன்று 5 நிலைகள். அதில் கேட்டல் பகுதி உண்டு, பேச்சுப் பகுதி கிடையாது. கேட்டதற்கு விடைத்தாளில் வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். வாய்க்கு வேலை கொடுக்க நினைப்பவர்கள் ஒலிப்பாடத்தைத் தேடிப் போகிறார்கள். கிடைப்பது பெரும்பாலும் ஆங்கிலம் வழியே.

நானும் ஆங்கிலம் வழியேதான் கேட்டேன். நேற்று வாங்கிய புத்தகத்தைப் படித்தேன் என்று சொல்லுங்கள், என்கிறது குரல். ஆங்கிலத்தில் 'படித்தேன்' முதலில் வரும், 'புத்தகம்' அடுத்து, 'வாங்கிய' அதற்குப் பின்னால், 'நேற்று' வாலில். மௌனம் தொடங்குகிறது. மனம் அந்த வரிசையை முழுதாகத் திருப்பிப் போடுகிறது. போட்டு முடிக்கும்போது பாதி மௌனம் தீர்ந்திருக்கும். பிறகு வாய் 'கினோ கத்த ஹொன் ஒ யொமிமஷ்த' என்று விரையும்: நேற்று, வாங்கிய, புத்தகம், ஐ, படித்தேன். திருப்பிப் போட்டு வந்து சேர்ந்த வரிசை தமிழின் வரிசையேதான். ஒரே வரிசையில் பேசும் இரண்டு மொழிகளுக்கு நடுவே எதிர்த்திசையில் ஓடும் ஒன்றை நிறுத்திவைத்து, அதைச் சுற்றிப் போய் வர நேரம் செலவழிக்கிறோம். அமெரிக்கப் பயிற்சி நிறுவனத்தின் 2,200 மணி ஆங்கிலம் பேசுவோருக்கான கணக்கு. நமக்கான கணக்கை யாரும் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வரிசையோடு இது நிற்பதில்லை. ருசி பார்க்கச் சொல்லும்போது ஜப்பானியரும் 'சாப்பிட்டுப் பார்' என்றே சொல்கிறார்கள். அதே பார்க்கும் வினையைத் துணைக்கு வைத்து. பின்னால் உதவும் என்று எழுதுவது 'எழுதி வை'. அதே வைக்கும் வினை. 'கொண்டு போ', 'கொண்டு வா' இரண்டும் அப்படியே. பிறர் சொன்னதைச் சொல்ல 'என்று' போன்ற ஓர் இடைச்சொல், அதே இடத்தில். இது, அது, எது என்பதோடு முன்னிலையில் இருப்பவருக்குப் பக்கத்தில் உள்ளதைச் சுட்ட இன்னொரு சுட்டும் அங்கே உண்டு. யாழ்ப்பாணத்தவர் வாயில் இன்றும் வாழும் 'உது'வின் வேலை அது. ஆங்கிலக் குரல் இவற்றையெல்லாம் புதுமையாக விளக்கும். தமிழர் விளக்கமே இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ஒற்றுமைகளைப் பார்த்துத்தான் ஒனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிகளுக்கும் வரலாற்று உறவு உண்டு என்று வாதிட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் தம்பதியரும் பொற்கோவும் அந்த ஆய்வில் துணை நின்றார்கள். 2008இல் காலமாகும்வரை ஒனோ அதை விடவில்லை; மொழியியலாளர்கள் அதை ஏற்கவும் இல்லை. நம்மவர்களுக்கு இந்த உறவில் தனிப் பெருமிதம் உண்டு. மேடைகளில் அடிக்கடி கேட்கலாம். ஆனால் பெருமிதத்தால் ஒரு வாக்கியம்கூடப் பேச வராது. உறவு மெய்யாகாவிட்டாலும் வரிசை மெய். அதைப் பயன்படுத்த வம்சாவளி தேவையில்லை.

ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே தன் எளிய ஜப்பானியப் பாடத்தை வங்காளம், இந்தி, உருது உட்படப் பல மொழிகள் வழியே தருகிறது. அந்த வரிசையில் தமிழ் இல்லை. அவர்கள் தருவார்கள் என்று காத்திருக்கவும் வேண்டாம். நன்றாகப் பேசும் ஒரு ஜப்பானியர், தமிழில் கேள்வி கேட்க ஒரு குரல், பிம்ஸ்லரின் இடைவெளிக் கணக்கு, ஒரு நல்ல ஒலிவாங்கி, இவ்வளவு போதும். நேற்று வாங்கிய புத்தகத்தைப் படித்தேன் என்று தமிழில் கேட்டால் திருப்பிப் போட ஒன்றுமில்லை. மௌனம் முழுவதும் வாய்க்கே மிஞ்சும். அந்த மிச்சத்தை 'நிப்பொன்'னின் நான்காவது துடிப்புக்குச் செலவிடலாம், 'ஹஷி'யின் ஏற்ற இறக்கத்துக்குச் செலவிடலாம்.

சில பாடங்களில் கேள்வியே வேண்டாம் என்பேன். ஸெத்ஸுவைப்போல் யாராவது ஒரு பெண்மணி ஜப்பானியத்தில் கதை சொல்லட்டும். கேட்கிறவர் ஒன்றையும் மொழிபெயர்க்காமல், நடுநடுவே உரிய இடத்தில் 'ஹை', 'உன்' என்று கொட்டிக்கொண்டு வரட்டும். முதலில் இடத்தைக் காட்டிக்கொடுக்க இன்னொரு குரல் கூடவே கொட்டலாம். பிறகு அது விலகிக்கொள்ளலாம். இப்படிச் செய்தாலும் ஒலிநாடா நம்மைக் கேட்கப்போவதில்லை. ஆனால் கேட்பது எப்படி என்பதையாவது நமக்குப் பழக்கிவிடும். பாட்டி மடியில் உம் கொட்டி வளர்ந்த காதுகளுக்கு அது கடினமான பாடமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.